கரன்ட் போனாலும் கெப்பாசிட்டரில் கை வைக்காதீர்கள்!
மோட்டார் ரூம் முதல் மில் பேனல் வரை... பாதுகாப்பாக இணைப்பது எப்படி?

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பதுதான் நம் ஊர்களில் எல்லோருடைய எண்ணமும். லைட், மோட்டார், மிக்ஸி, கிரைண்டர் என்று பெரும்பாலான சாதனங்களுக்கு அது சரி. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் அது பொருந்தாது. அதுதான் கெப்பாசிட்டர். மின்சாரத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்வதே அதன் வேலை. அதனால்தான் தமிழில் அதற்கு ‘மின்தேக்கி’ என்று பெயர். மெயினை அணைத்த பிறகும், ஃபியூஸ் கட்டையைக் கழற்றிய பிறகும், அதன் முனைகளில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கக்கூடும்.

கிணற்று மோட்டார் ரூமில் சுவரில் தொங்கும் சிறிய டப்பா முதல், தென்னைநார் மில், அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு ஆலை, பால் குளிரூட்டும் நிலையம் போன்றவற்றில் பீரோ உயரத்துக்கு நிற்கும் கெப்பாசிட்டர் பேனல் வரை, இன்று கிராமங்களில் இது இல்லாத இடம் குறைவு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சொந்தமாக ஆலை நடத்தத் தொடங்கிய பிறகு, விவசாயிகளே இந்த பேனல்களுக்குப் பொறுப்பாளர்களாகவும் ஆகிவிட்டார்கள். ஆகவே இதை எப்படித் தேர்வு செய்வது, எப்படி இணைப்பது, எப்படிப் பராமரிப்பது என்பதைக் குடும்பத்தில் ஒருவராவது தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

ஒரே பெயர்... மூன்று பொருள்!

கிராமங்களில் ‘கண்டென்சர்’ என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிப்பிடுகிறார்கள். பல விபத்துகளுக்கு இந்தக் குழப்பமே காரணம்.

முதலாவது, சிங்கிள் பேஸ் மோட்டார்களின் பெட்டிக்குள் இருக்கும் கண்டென்சர். மோட்டாரைக் கிளப்பிவிட ஒன்றும், தொடர்ந்து ஓட ஒன்றும் இருக்கும். கிளப்பிவிடும் கண்டென்சர் சில நொடிகள் மட்டுமே வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து லைனில் இருந்தால் சூடேறி வெடித்துவிடும்.

இரண்டாவது, மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில், இருமுனை மின்சாரத்தை வைத்து த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டுவதற்காகப் பொருத்தப்படும் ‘டூ பேஸ் கண்டென்சர்’. இதைப் பற்றிப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

மூன்றாவது, திறன் காரணியை உயர்த்துவதற்கான கெப்பாசிட்டர். ‘பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்’ என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்வது இதைத்தான். மூன்று முனைகளும் ஒரு எர்த் போல்ட்டும் உள்ள இதன் அளவு, ‘கே.வி.ஏ.ஆர்.’ என்ற அலகில் குறிப்பிடப்பட்டிருக்கும். இந்தக் கட்டுரையில் முக்கியமாகப் பார்க்கப்போவது இந்த மூன்றாவது வகையை.

ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைப் பொருத்தவே கூடாது. ‘கடையில் இதுதான் இருந்தது’ என்று மாற்றிப் போட்ட கெப்பாசிட்டர்தான் பெரும்பாலும் புகைந்து, ஊதி, வெடிக்கிறது.

இலவச மின்சாரம்தானே... கெப்பாசிட்டர் எதற்கு?

பல விவசாயிகள் கேட்கும் நியாயமான கேள்வி இது. மோட்டார் எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதிதான் தண்ணீரை மேலே தள்ளும் வேலையைச் செய்கிறது. இன்னொரு பகுதி, மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உருவாக்குவதற்காக லைனுக்கும் மோட்டாருக்கும் இடையே சும்மா போய் வந்துகொண்டிருக்கிறது. வேலை செய்யாவிட்டாலும், அந்த மின்னோட்டமும் கம்பி வழியாகத்தானே வர வேண்டும்? டிரான்ஸ்பார்மரில் தொடங்கி உங்கள் மோட்டார் ரூம் வரை அது எல்லாவற்றையும் சூடாக்குகிறது. வோல்டேஜையும் இழுத்துக் கீழே தள்ளுகிறது.

அந்தப் பகுதியை மோட்டாருக்குப் பக்கத்திலேயே கொடுத்துவிடுவதுதான் கெப்பாசிட்டரின் வேலை. ஒரு கணக்கைப் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் ஒன்று 4.6 கிலோவாட் மின்சாரத்தை 0.75 திறன் காரணியில் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 415 வோல்ட்டில் லைனில் சுமார் 8.5 ஆம்பியர் ஓடும். 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டரை இணைத்தால் அது சுமார் 7 ஆம்பியராகக் குறையும். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருபது மோட்டார்கள் இருந்து, எல்லோரும் கெப்பாசிட்டர் பொருத்தினால், கிட்டத்தட்ட 30 ஆம்பியர் சுமை குறையும். கடைக்கோடியில் இருப்பவருக்கும் வோல்டேஜ் ஓரளவு சரியாகக் கிடைக்கும். டிரான்ஸ்பார்மர் எரிந்து, பயிர் வாடக் காத்துக்கிடக்கும் நிலையும் குறையும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். கெப்பாசிட்டர் போட்டால் மோட்டார் கூடுதலாகத் தண்ணீர் இறைக்கும் என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். அது உண்மையல்ல. மோட்டாருக்குள் ஓடும் மின்னோட்டம் அப்படியேதான் இருக்கும். லைனில் ஓடுவதுதான் குறையும். வோல்டேஜ் சற்று மேம்பட்டால் மோட்டார் சிரமமில்லாமல் ஓடும், அவ்வளவுதான்.

ஆலைகளின் கதை வேறு. அங்கே மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறோம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுமை உள்ள தொழில் இணைப்புகளில், திறன் காரணி நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் கூடுதல் கட்டணமும் சேர்ந்துவிடும். அங்கே கெப்பாசிட்டர் நேரடியாகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

எந்த மோட்டாருக்கு எவ்வளவு?

3 எச்.பி. - 1 கே.வி.ஏ.ஆர்.
5 எச்.பி. - 2 கே.வி.ஏ.ஆர்.
7.5 எச்.பி. - 3 கே.வி.ஏ.ஆர்.
10 எச்.பி. - 4 கே.வி.ஏ.ஆர்.
15 எச்.பி. - 5 கே.வி.ஏ.ஆர்.

இது பொதுவான அளவு. மோட்டார் நிறுவனம் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ‘கொஞ்சம் பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லதுதானே’ என்று நினைக்கக் கூடாது. மோட்டாருடன் நேரடியாக இணைந்திருக்கும் கெப்பாசிட்டர் அளவுக்கு மீறி இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஒரு ஜெனரேட்டர்போல வேலை செய்யத் தொடங்கும். அந்த நேரத்தில் உருவாகும் அதிக வோல்டேஜ், மோட்டார் சுருளையும் கெப்பாசிட்டரையும் ஒருசேரப் பாதிக்கும்.

வாங்கும்போது வோல்டேஜ் அளவையும் பாருங்கள். 415 வோல்ட் லைனுக்கு 440 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் கெப்பாசிட்டர் வேண்டும். இரவில் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும் பகுதிகளில் இது மிக முக்கியம். அதேநேரம், வோல்டேஜ் குறைந்தால் கெப்பாசிட்டரின் பலனும் வேகமாகக் குறையும். 440 வோல்ட்டுக்கான 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர், 350 வோல்ட்டில் சுமார் 1.3 கே.வி.ஏ.ஆர். மட்டுமே கொடுக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்த ஆண்டு, வோல்டேஜ், கே.வி.ஏ.ஆர். ஆகிய நான்கும் தெளிவாக அச்சிடப்படாத டப்பாவை வாங்க வேண்டாம்.

மோட்டார் ரூமில் எப்படி இணைக்க வேண்டும்?

அரசு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். ஆனால், அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிந்திருப்பது விவசாயியின் பொறுப்பு. கவனிக்க வேண்டியவை இவை.

1. கெப்பாசிட்டருக்குத் தனி ஃபியூஸ்: மூன்று பேஸுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருக்க வேண்டும். 1 கே.வி.ஏ.ஆருக்கு 415 வோல்ட்டில் சுமார் 1.4 ஆம்பியர் ஓடும். 2 கே.வி.ஏ.ஆருக்கு 2.8 ஆம்பியர், 4 கே.வி.ஏ.ஆருக்கு 5.6 ஆம்பியர். இதைப்போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரையிலான ஃபியூஸ் போதும். 2 கே.வி.ஏ.ஆருக்கு 6 ஆம்பியர், 4 கே.வி.ஏ.ஆருக்கு 10 ஆம்பியர் ஹெச்.ஆர்.சி. ஃபியூஸ் பொருத்தலாம். ஃபியூஸ் போனால் கேபிளில் இருந்து பிரித்தெடுத்த தாமிரக் கம்பியை முறுக்கிக் கட்டுவது, ஃபியூஸே இல்லாததற்குச் சமம்.

2. வயர்: சிறிய கெப்பாசிட்டர்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் பயன்படுத்தலாம். முனையில் லக் அடித்து, வாஷர் வைத்து, இறுக்கமாக முடுக்க வேண்டும். வயரைச் சும்மா சுற்றி நட்டைத் திருகினால், சில மாதங்களில் தளர்ந்து, தீப்பொறி பறந்து, முனை கருகிவிடும்.

3. இணைக்கும் இடம்: டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில், கான்டாக்டருக்கும் ஓவர்லோடு ரிலேவுக்கும் இடையில் கெப்பாசிட்டரை இணைப்பது நல்லது. அப்போது ரிலே வழியாக மோட்டாரின் மின்னோட்டம் மட்டுமே போகும். ரிலேவைத் தாண்டி, மோட்டார் பக்கம் இணைத்தால், ரிலே பார்க்கும் மின்னோட்டம் குறைந்துவிடும். மேலே சொன்ன உதாரணத்தில், 8.5 ஆம்பியர் ஓடிய இடத்தில் 7 ஆம்பியர்தான் ஓடும். ரிலே பழைய அளவிலேயே இருந்தால், மோட்டார் திணறும்போது அது டிரிப் ஆகாமல் மோட்டார் எரிந்துபோகும். எனவே, அப்படி இணைத்தால் ரிலேவின் அளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

4. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்: ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் நொடியில் கெப்பாசிட்டரும் மோட்டார் சுருளும் சேர்ந்து லைனோடு மோதிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஆகவே, டெல்டாவுக்கு வந்த பிறகு மட்டும் கெப்பாசிட்டரைச் சேர்க்கும்படி தனி கான்டாக்டர் வைப்பதே பாதுகாப்பு.

5. நியூட்ரல் வேண்டாம்; எர்த் வேண்டும்: த்ரீ பேஸ் கெப்பாசிட்டரின் மூன்று முனைகளும் மூன்று பேஸுக்கானவை. நியூட்ரலை எந்த முனையிலும் இணைக்கக் கூடாது. வெளி உலோக டப்பாவில் இருக்கும் தனி போல்ட்டில் எர்த் கம்பியைக் கட்டாயம் இணைக்க வேண்டும். அந்த எர்த், முறையாகக் குழி எடுத்து அமைத்ததாக இருக்க வேண்டும். போர்வெல் பைப்பில் சுற்றிய கம்பியை எர்த் என்று நம்ப வேண்டாம்.

6. பொருத்தும் இடம்: தரையிலிருந்து குறைந்தது நான்கடி உயரத்தில், வெயிலும் சாரலும் படாத, காற்றோட்டமான சுவரில் முனைகள் மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பொருத்த வேண்டும். தகரக் கூரைக்கு நெருக்கமாக வைத்தால், கோடையில் சூட்டிலேயே அதன் ஆயுள் பாதியாகிவிடும். முனைகளை மூடும் மூடி கட்டாயம் இருக்க வேண்டும். பல்லி, தவளை, எலி புகும் துளைகளை அடைத்துவிட வேண்டும்.

டூ பேஸ் கண்டென்சர்... அடுத்தவர் உயிருக்கு உலை!

மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் கிடைக்கிறது, பயிரோ காய்கிறது. அந்த நெருக்கடியில்தான் விவசாயிகள் டூ பேஸ் கண்டென்சரை நாடுகிறார்கள். அவர்களுடைய சிரமம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், இதன் விளைவுகளை அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்று பேஸ்களும் சமமாக இல்லாததால் மோட்டார் சுருள் அதிகமாகச் சூடாகிறது. ‘அடிக்கடி காயில் கட்ட வேண்டியிருக்கிறது’ என்று வருந்துபவர்களில் பலர் இதற்காகத்தான் செலவு செய்கிறார்கள். டிரான்ஸ்பார்மரில் இரண்டு பேஸ்களில் மட்டும் சுமை ஏறுவதால் அதுவும் சீக்கிரம் பழுதாகிறது.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கண்டென்சர் உதவியுடன் மோட்டார் ஓடும்போது, மின்சாரம் வராத மூன்றாவது முனையிலும் வோல்டேஜ் உருவாகிறது. அந்த முனை லைனோடு இணைந்தே இருந்தால், அது வெளியே கம்பத்துக் கம்பிக்கே திரும்பிப் போகலாம். அந்த பேஸில் கரன்ட் இல்லை என்று நம்பி வேலை செய்யும் லைன்மேனோ, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டாரைப் பழுது பார்க்கும் இன்னொரு விவசாயியோ அதற்குப் பலியாகலாம். இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மின்வாரியம் தொடர்ந்து சொல்லி வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் தொட்டியிலோ பண்ணைக்குட்டையிலோ நீரைச் சேமித்து, சொட்டுநீர் மூலம் பிறகு பாய்ச்சுவது இதற்குச் சரியான மாற்று வழி.

ஆலைகளில் கெப்பாசிட்டர் பேங்க்... என்னென்ன பாதுகாப்பு?

பல கெப்பாசிட்டர்களை ஒரே பேனலில் வரிசையாக அடுக்கி, தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் சேர்ப்பதுதான் ‘கெப்பாசிட்டர் பேங்க்’. 30 கிலோவாட் சுமையை 0.75 திறன் காரணியிலிருந்து 0.95-க்கு உயர்த்த, சுமார் 17 கே.வி.ஏ.ஆர். தேவைப்படும். அப்போது லைன் மின்னோட்டம் சுமார் 56 ஆம்பியரிலிருந்து 44 ஆம்பியராகக் குறையும். இதை ஒரே பெரிய கெப்பாசிட்டராகப் போடாமல், பல படிகளாகப் பிரித்து, திறன் காரணியைப் பார்த்துத் தானாகச் சேர்க்கும் ரிலேவுடன் பொருத்துவது நல்லது. எல்லா மெஷின்களும் நின்றுவிட்ட இரவு நேரத்தில் கெப்பாசிட்டர் மட்டும் லைனில் இருந்தால், வோல்டேஜ் தேவையில்லாமல் உயரும்.

தனிப் பாதுகாப்பு: பேனலுக்கு ஒரு மெயின் பிரேக்கர், அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் தனித்தனி ஃபியூஸ், தனித்தனி கான்டாக்டர். ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் அது மட்டும் கழன்றுகொள்ள வேண்டும். மொத்தத்துக்கும் ஒரே ஃபியூஸ் போட்டால், பழுதான ஒன்றுக்குள் மற்ற எல்லா கெப்பாசிட்டர்களும் சேர்ந்து மின்சாரத்தைப் பாய்ச்சி வெடிக்க வைத்துவிடும்.

கேபிள் கணக்கு: கெப்பாசிட்டர் எப்போதும் முழுச் சுமையில்தான் ஓடும். லைனில் கலப்படம் இருந்தால் அதற்கு மேலும் எடுக்கும். எனவே, அதன் மின்னோட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு தாங்கும் கேபிளும் சுவிட்சும் வேண்டும். 25 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் சுமார் 35 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 52 ஆம்பியருக்குக் குறையாமல் தாங்கும் கேபிள் போட வேண்டும். 16 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள் பொருத்தமாக இருக்கும்.

கான்டாக்டர்: மோட்டாருக்கான சாதாரண கான்டாக்டர் இதற்கு ஆகாது. ஏற்கெனவே சில கெப்பாசிட்டர்கள் லைனில் இருக்கும்போது புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அந்த நொடியில் அவை எல்லாம் சேர்ந்து புதியதற்குள் மின்சாரத்தைக் கொட்டும். வழக்கமான மின்னோட்டத்தைப்போல நூறு மடங்குகூடப் பாயலாம். சாதாரண கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். கெப்பாசிட்டருக்கென்றே செய்யப்பட்ட கான்டாக்டரில், அந்தப் பாய்ச்சலை மட்டுப்படுத்தும் மின்தடைக் கம்பிகள் இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ரியாக்டர்: மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், சோலார் இன்வெர்ட்டர், வெல்டிங் மெஷின் போன்றவை லைனில் மின் அலையின் வடிவத்தைக் கெடுக்கும். இதை ‘ஹார்மோனிக்ஸ்’ என்பார்கள். தண்ணீரில் கலந்த வண்டல் வடிகட்டியில் போய் அடைப்பதுபோல, இந்தக் கலப்பட அலைகள் கெப்பாசிட்டரில் போய்ச் சேரும். அது அளவுக்கு மீறிச் சூடேறி வெடிக்கும். இந்த மாதிரிச் சாதனங்கள் அதிகமுள்ள ஆலைகளில், ஒவ்வொரு படிக்கும் முன்னால் ரியாக்டர் பொருத்த வேண்டும். 7 சதவிகித ரியாக்டர் பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. ரியாக்டர் போட்டால் கெப்பாசிட்டர் முனையில் வோல்டேஜ் உயரும். ஆகவே, 480 வோல்ட் அல்லது 525 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர்களைச் சேர்த்தே வாங்க வேண்டும். இருக்கும் 440 வோல்ட் கெப்பாசிட்டருக்கு முன்னால் ரியாக்டரை மட்டும் வாங்கி வைத்தால் புதிய சிக்கல்தான் வரும்.

ஜெனரேட்டர்: கரன்ட் போய் ஜெனரேட்டரை ஓட்டும்போது, கெப்பாசிட்டர் பேங்க்கை லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். குறைந்த சுமையில் கெப்பாசிட்டர் சேர்ந்திருந்தால் ஜெனரேட்டரின் வோல்டேஜ் கட்டுப்பாட்டை மீறி உயரலாம். மாற்று சுவிட்ச் போடும்போதே பேனல் தானாக விலகும்படி வயரிங் செய்யச் சொல்லுங்கள்.

சி.டி. வயர்: பேனலில் உள்ள ரிலேவுக்கு மின்னோட்டத்தின் அளவைச் சொல்லும் சி.டி.யின் இரண்டு வயர்களை, லைன் ஓடும்போது கழற்றவே கூடாது. கழற்றிய முனைகளில் மிக அதிக வோல்டேஜ் உருவாகும். முதலில் அந்த இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்துவிட்டுத்தான் ரிலேவைக் கழற்ற வேண்டும்.

தூசியும் சூடும்: தென்னைநார்த் துகளும் உமித்தூசியும் எளிதில் தீப்பற்றும். பேனலை மெஷின்களுக்கு நடுவில் வைக்காமல் தனி அறையில் வைக்க வேண்டும். கெப்பாசிட்டர்களுக்கு இடையே காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். வெப்பக் காற்றை வெளியேற்றும் ஃபேன் ஓடுகிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். பேனல் அறையில் சாக்கு, நார், எண்ணெய் டின் எதையும் அடுக்கக் கூடாது.

பேனலைத் திறக்கும் முன் ஐந்து படிகள்

கெப்பாசிட்டரின் உள்ளே, தேங்கிய மின்சாரத்தை மெதுவாக வடிக்கும் மின்தடை ஒன்று இருக்கும். அணைத்த 3 நிமிடங்களுக்குள் முனைகளில் உள்ள மின்சாரம் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரவிதி. அணைத்த நொடியில் 580 வோல்ட்டுக்கு மேலும் தேங்கியிருக்கலாம். அந்த மின்தடை உள்ளே அறுந்துபோயிருந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. மோட்டாரோடு இணைந்திருக்கும் கெப்பாசிட்டர், மோட்டார் சுருள் வழியாகச் சீக்கிரம் வடிந்துவிடும். ஆனால், இடையில் ஒரு வயர் கழன்றிருந்தால் வடியாது. ஆகவே, எந்த கெப்பாசிட்டரையும் நம்பாமல் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

முதல் படி: மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று அட்டை தொங்கவிடுங்கள்.

இரண்டாம் படி: கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடங்கள் காத்திருங்கள்.

மூன்றாம் படி: மல்டி மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, மூன்று முனைகளையும் இரண்டிரண்டாகச் சோதியுங்கள். ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் இடையிலும் சோதியுங்கள். கெப்பாசிட்டரில் தேங்குவது டி.சி. மின்சாரம். லைட் எரியும் சாதாரண டெஸ்டர் அதைச் சரியாகக் காட்டாது.

நான்காம் படி: மிச்சம் இருந்தால், 230 வோல்ட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடராக இணைத்த ஹோல்டர் வயரால், முனைகளைத் தொட்டு வடித்துவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது பலருடைய பழக்கம். தீப்பொறி முகத்தில் தெறிக்கும், கெப்பாசிட்டரும் கெட்டுவிடும்.

ஐந்தாம் படி: வேலை முடியும் வரை மூன்று முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, எர்த்தோடு வயரால் கட்டி வையுங்கள். முடிந்ததும் அதை எடுக்க மறக்கக் கூடாது.

கழற்றி வைத்த பழைய கெப்பாசிட்டரிலும் மின்சாரம் தேங்கியிருக்கலாம். அதன் முனைகளையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்காகக் கல்லால் உடைப்பதும், எண்ணெய் கசிவதைக் கையால் தொடுவதும் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு

* டாங் டெஸ்டர் வைத்து, கெப்பாசிட்டருக்குப் போகும் மூன்று பேஸ்களிலும் மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் இல்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது. அல்லது உள்ளே பழுது. மூன்றிலுமே கணிசமாகக் குறைந்திருந்தால், கெப்பாசிட்டரின் ஆயுள் முடிந்து வருகிறது.
* டப்பா ஊதியிருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா, முனைகளில் கருகிய நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.
* முனை நட்டுகளை முடுக்கி, தூசியைத் துடைத்து, எர்த் இணைப்பைச் சோதிக்க வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் இதைச் செய்வது நல்லது.

வாசகர்களின் சந்தேகங்கள்

*சோலார் பம்ப்செட்டுக்கு கெப்பாசிட்டர் பொருத்தலாமா?*

கூடாது. சோலார் பம்ப்பின் கன்ட்ரோலரே டிரைவ்போல வேலை செய்யும் கருவிதான். கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் இடையில் கெப்பாசிட்டரை இணைத்தால் கன்ட்ரோலர் எரிந்துவிடும். முன்பு லைனில் ஓடிய மோட்டாரைச் சோலாருக்கு மாற்றுகிறவர்கள், பழைய கெப்பாசிட்டரை முதலில் கழற்றிவிட வேண்டும்.

*கெப்பாசிட்டர் ஊதிப்போயிருக்கிறது. ஆனால், மோட்டார் நன்றாக ஓடுகிறது. அப்படியே விடலாமா?*

த்ரீ பேஸ் மோட்டார் கெப்பாசிட்டர் இல்லாமலும் ஓடும். அதனால்தான் பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. டப்பா ஊதியிருக்கிறது என்றால், உள்ளே அழுத்தம் ஏறி அது செயலிழந்துவிட்டது என்று பொருள். அதைக் கழற்றும் வரை மோட்டாரை ஓட்டாமல் இருப்பதே நல்லது.

*கரன்ட் அடிக்கடி போய்ப் போய் வருகிறது. ஆட்டோ ஸ்டார்ட்டர் உடனே மோட்டாரைப் போட்டுவிடுகிறது. பாதிப்பு உண்டா?*

உண்டு. மோட்டாரும் நிற்காமல், கெப்பாசிட்டரும் வடியாமல் இருக்கும்போது மீண்டும் லைன் சேர்ந்தால், இரண்டுக்கும் அதிர்ச்சி. ஆட்டோ ஸ்டார்ட்டரில் நேரத் தாமதம் வைக்கும் வசதி இருக்கும். அதை 3 நிமிடங்களுக்குக் குறையாமல் வையுங்கள். மொபைல் மூலம் மோட்டார் போடுபவர்களும் அணைத்த உடனே மறுபடி போடக் கூடாது.

*சிங்கிள் பேஸ் மோட்டார் பெட்டியில் கண்டென்சர் போய்விட்டது. கூடுதல் எம்.எஃப்.டி. போட்டால் மோட்டார் வேகமாகக் கிளம்புமா?*

பழைய கண்டென்சரில் அச்சிட்டிருக்கும் எம்.எஃப்.டி. அளவும் வோல்டேஜும் கொண்டதையே போட வேண்டும். அளவு கூடினால் மோட்டார் சுருள் சூடேறும். கிளப்பும் கண்டென்சரையும் ஓடும் கண்டென்சரையும் இடம் மாற்றிப் போடக் கூடாது.

*மின்சாரம் தாக்கி ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது?*

வெறும் கையால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், செருப்புக் காலோடு ஈரமில்லாத இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். அவர் கெப்பாசிட்டர் முனைகளின் மேலேயே கிடந்தால், மெயினை அணைத்த பிறகும் கட்டையால் விலக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். மூச்சு இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். உடனே 108-க்கு அழையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். இதயத்துடிப்பில் கோளாறு பிறகும் வரலாம் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ பழுது என்றால் யாரும் ஏறக் கூடாது. மின்வாரியத்தின் ‘மின்னகம்’ சேவை எண் 94987 94987-க்குச் சொல்லி, லைன்மேன் வரும் வரை காத்திருங்கள். இந்த எண்ணையும் 108-ஐயும், மோட்டார் ரூம் கதவின் உட்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். அதற்குக் கீழே, ‘அணைத்த பின் 5 நிமிடம் பொறு’ என்ற வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.